ஃபேனை மாற்றும் முன்: கார் ரேடியேட்டர் காற்றோட்டம் குறித்து ஓர் ஆய்வு

சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் தமிழ்நாட்டுக் கார் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் யோசனை ஒன்று உண்டு: "ஃபேனை டைரக்டா குடுத்துடலாம் சார், ஹீட் ஆகாது." டெம்பரேச்சர் முள் சிவப்புக்கோட்டை நெருங்கிய பதற்றத்தோடு வந்து நிற்பவருக்கு அது உடனடி நிவாரணம். வெப்ப சுவிட்சை ஒதுக்கிவிட்டு ஃபேனைப் பேட்டரியோடு நேராக இணைக்க ஒரு ஒயர், ஒரு சுவிட்ச், சிறிது நேர வேலை. அம்பாசடரின் பெல்ட் ஃபேனைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் பூட்டுவது, ஜீப்புக்கு இரட்டை ஃபேன் வைப்பது, பிற்பாடு ஏசி போட்ட பத்மினிக்கு முன்பக்கம் இன்னொரு ஃபேன் சேர்ப்பது என்று இந்த மாற்றங்களில் பல வகை உண்டு. இவற்றில் எது என்ஜினைக் காக்கிறது, எது கோளாறை மூடி மறைக்கிறது, எது புதிய ஆபத்தைக் கொண்டுவருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபேன் எவ்வளவு பெரியது என்பதைவிட, அது இழுக்கும் காற்று எந்த வழியாகப் போகிறது, அது எப்போது சுற்றுகிறது என்ற இரண்டும்தான் முக்கியம். இந்த இரண்டையும் கவனிக்காமல் செய்யும் மாற்றம் பெரும்பாலும் வீண்செலவாகவே முடிகிறது.

ஃபேனுக்கு உரிய வேலை

எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டும் வேலைக்குப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடாகவே வெளியேறுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைக் கூலன்ட் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. தெர்மோஸ்டாட் வால்வு பொதுவாக 82 அல்லது 88 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்கும். அதுவரை கூலன்ட் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். ரேடியேட்டர் மூடி பிரஷர் குக்கர் மூடியைப் போல உள்ளே அழுத்தத்தைத் தக்கவைக்கிறது. ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. சரிபாதி கூலன்ட் கலந்திருந்தால் அந்த எல்லை 130 டிகிரியை ஒட்டிப் போகும். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து அழுத்தம் கசிந்தால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும்.

இதில் ஃபேனின் பங்கு எங்கே வருகிறது? நெடுஞ்சாலையில் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு ஃபேன் கிட்டத்தட்டத் தேவையே இல்லை. எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். வண்டி நிற்கும்போதும், ஊரும்போதும், சிறிய கியரில் மலை ஏறும்போதும்தான் ஃபேன் உண்மையில் உழைக்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. அங்கெல்லாம் என்ஜின் முழு மூச்சாக உழைக்கும், வண்டியோ மெதுவாகத்தான் நகரும். வெப்பம் அதிகம், எதிர்க்காற்று குறைவு. ஃபேனின் தரம் தெரியவரும் இடம் இதுதான்.

கோடைக்கும் இதில் பங்கு உண்டு. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், கூலன்டுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரி, காற்று 30 டிகிரி என்றால் வித்தியாசம் 65. கத்திரி வெயிலில் காற்று 42 டிகிரி, அது ஏசி கண்டன்சரைத் தாண்டி வரும்போது இன்னும் 10 டிகிரி ஏறிவிடுகிறது என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 43தான். அதே ரேடியேட்டர், அதே ஃபேன். வெப்பத்தை இறக்கும் திறனில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மார்கழியில் சாதுவாக ஓடிய கார் வைகாசியில் சூடாவதற்கு இதுவே காரணம். உப்புப் படிந்து ஏற்கெனவே பாதி அடைத்திருந்த ரேடியேட்டர் அப்போதுதான் தன் பலவீனத்தைக் காட்டும்.

எப்போது சூடாகிறது?

ஆகவே ஃபேனில் கைவைக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எப்போது சூடாகிறது?" என்பது. சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. ஃபேன் மோட்டார், ரிலே, சுவிட்ச், விஸ்கஸ் கப்ளிங் இவற்றில் ஏதோ ஒன்று.

நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போதே முள் ஏறினால் ஃபேனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அடைத்த ரேடியேட்டர், பாதி திறந்து நிற்கும் தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப், ஏர் லாக், ஹெட் கேஸ்கட் என்று தேட வேண்டும். நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது போர் தண்ணீரை. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் பாறைபோலப் படியும். வெளியிலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் பளிச்சென்று இருக்கும். என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் முகப்பைப் பல இடங்களில் வெப்பமானியால் அளந்தால், அடைபட்ட குழாய்கள் இருக்கும் பகுதி மட்டும் குளிர்ந்திருப்பது தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ரேடியேட்டருக்கு எத்தனை ஃபேன் வைத்தாலும், வெந்நீர் ஓடாத குழாய்களின் மீதுதான் காற்று வீசும்.

பெல்ட் ஃபேனிலிருந்து எலெக்ட்ரிக் ஃபேனுக்கு

1901ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 35 காருக்கு வில்ஹெல்ம் மேபாக் தேன்கூட்டு ரேடியேட்டரை வடிவமைத்தார். இன்றைய ரேடியேட்டரின் மூதாதை அதுதான். அதன் பின்னாலும் ஒரு ஃபேன் இருந்தது. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டியில், தொடக்கத்தில் வந்த சில கார்களைத் தவிர, வாட்டர் பம்ப் கிடையாது. சூடான நீர் மேலே எழும், குளிர்ந்தது கீழே இறங்கும் என்ற இயல்பைக் கொண்டே நீர் சுழன்றது. ஃபேன் மட்டும் பெல்ட்டில் ஓடியது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து, உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசடரும் இந்த மரபில் வந்ததே. வாட்டர் பம்ப் புல்லியின் முகத்தில் இறக்கைகளைப் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். என்ஜின் சுற்றினால் ஃபேனும் சுற்றும்.

இதன் எளிமைதான் இதன் பலம். ஒயர், சுவிட்ச், ரிலே எதுவும் இல்லை. கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. ஆனால் வேண்டிய நேரத்தில் குறைவாகவும் வேண்டாத நேரத்தில் மிகையாகவும் உழைப்பது இதன் பிறவிக்குணம். ஃபேன் தள்ளும் காற்றின் அளவு அதன் வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும்; அது விழுங்கும் சக்தியோ வேகத்தின் மும்மடியாக ஏறும். 1,000 சுற்றில் ஓடுவது 4,000 சுற்றுக்குப் போனால் காற்று 4 மடங்கு, விழுங்கும் சக்தி 64 மடங்கு. எதிர்க்காற்று தாராளமாக இருக்கும் நெடுஞ்சாலையில் அத்தனை சக்தியும் இரைச்சலாகவும் பெட்ரோலாகவும் போகிறது. சிக்னலில் என்ஜின் ஐடிலில் நிற்கும்போது ஃபேனும் சோம்பலாகச் சுற்றுகிறது.

இந்த முரண்பாட்டுக்கு வந்த முதல் நல்ல விடை விஸ்கஸ் கப்ளிங். உள்ளே சிலிகோன் எண்ணெய். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடானால் முகப்பில் உள்ள ஈருலோகச் சுருள் வளைந்து எண்ணெய்க்கு வழி திறக்கும். ஃபேன் இறுகிச் சுற்றும். குளிர்ந்தால் எண்ணெய் பின்வாங்கும், ஃபேன் நழுவும். என்ஜினை நீளவாக்கில் வைத்த வண்டிகளில் இன்றும் இது உண்டு. முதல் தலைமுறை இன்னோவா டீசல் நமக்குப் பழகிய உதாரணம்.

என்ஜினைக் குறுக்குவாக்கில் வைத்து முன்சக்கரத்தை ஓட்டும் கார்கள் பரவியபோது பெல்ட் ஃபேனுக்கு வசதியான இடமே இல்லாமல் போயிற்று. புல்லி பக்கவாட்டைப் பார்க்கிறது, ரேடியேட்டர் முன்னால் இருக்கிறது. எலெக்ட்ரிக் ஃபேன்தான் வழி. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 அதை இந்தியக் குடும்பங்களுக்குப் பழக்கியது. என்ஜினை நிறுத்திய பிறகும் ஃபேன் சுற்றக்கூடும் என்பது அப்போது பலருக்குப் புதிது. இன்றும் நினைவில் வைக்க வேண்டிய எச்சரிக்கை அது: பானெட்டுக்குள் கைவிடும் முன் ஃபேன் பிளக்கைக் கழற்றுங்கள்.

பெல்ட் ஃபேனைக் கழற்றலாமா?

அம்பாசடர், பத்மினி, பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் சிறிய கார்களின் ஃபேன் மோட்டார்கள் எளிதாகக் கிடைப்பதால் செலவும் குறைவு. தக்க முறையில் செய்தால் இதில் லாபம் உண்டு. சிக்னலில் முழு வேகக் காற்று கிடைக்கும், நெடுஞ்சாலையில் இரைச்சல் குறையும், காலையில் என்ஜின் சீக்கிரம் சூடேறும். நீர் தேங்கிய இடத்தைக் கடக்கும் ஜீப்புக்கு ஃபேனை நிறுத்திவைக்கும் வசதி பெரிய வரம். வேகமாகச் சுற்றும் பெல்ட் ஃபேன் நீரில் மாட்டினால் இறக்கைகள் முன்னால் வளைந்து ரேடியேட்டரையே கிழித்துவிடும்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். எலெக்ட்ரிக் ஃபேனுக்கு மின்சாரம் இலவசமாக வருவதில்லை. ஆல்டர்னேட்டரின் திறன் ஏறத்தாழ 60 சதவீதம் என்று கொண்டால், 180 வாட் ஃபேனுக்காக என்ஜினிடமிருந்து 300 வாட் வாங்க வேண்டும். தேவைப்படும்போது மட்டும் சுற்றுவதால்தான் மிச்சம் வருகிறது. நாள் முழுக்க ஊருக்குள்ளேயே ஊரும் வண்டிக்கு அந்த மிச்சமும் சொற்பம். நல்ல நிலையில் உள்ள விஸ்கஸ் ஃபேனைக் கழற்றுவதில் ஆதாயம் இன்னும் குறைவு, ஏனென்றால் அது குளிர்ந்த நேரத்தில் ஏற்கெனவே நழுவிக்கொண்டுதான் இருக்கிறது. பாரம் ஏற்றி மலை ஏறும் டீசல் வண்டிக்கு விஸ்கஸ் ஃபேன் தரும் காற்றைச் சிறிய எலெக்ட்ரிக் ஃபேனால் ஈடுகட்ட முடியாது.

பழைய வண்டிகளில் இன்னொரு பெரிய தடை டைனமோ. லூகாஸ் சி40 வகை டைனமோ அதிகபட்சமாகத் தருவது 22 ஆம்பியர். இரவில் ஹெட்லைட்டுகளே 8 முதல் 10 ஆம்பியர் வரை எடுக்கும். இக்னிஷன் காயிலுக்கு மூன்று நான்கு. அதன்மேல் 12 அல்லது 15 ஆம்பியர் ஃபேனை ஏற்றினால் எல்லை தாண்டிவிடும். டைனமோ ஐடிலில் ஏறக்குறைய ஒன்றுமே தராது என்பது அதைவிட முக்கியம். ஃபேன் அவசியமாகத் தேவைப்படும் அந்த நேரத்தில் முழுப் பாரமும் பேட்டரியின் தலையில் விழும். மழை இரவில் நெரிசலில் மாட்டினால் வண்டி அங்கேயே படுத்துவிடும். ஆகவே டைனமோ வண்டியில் முதல் செலவு ஆல்டர்னேட்டருக்கு, அடுத்ததே ஃபேனுக்கு.

கௌல் என்னும் மறக்கப்பட்ட பாகம்

ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே உள்ள உறையைப் பட்டறையில் கௌல் என்பார்கள். ரேடியேட்டர் மாற்றும்போதோ சிறு விபத்தில் உடைந்தபோதோ கழற்றியதைத் திரும்பப் பூட்டாமல் விட்ட வண்டிகள் ஏராளம். அது இல்லாமல் என்ன ஆகிறது என்பதை ஒரே ஒரு தாளை வைத்துப் பார்த்துவிடலாம். வண்டியை நிறுத்தி ஃபேனை ஓடவிட்டு, முன்பக்கத்திலிருந்து ரேடியேட்டரின் நடுவில் ஒரு தாளை வையுங்கள். சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அதே தாளை மூலைக்கு நகர்த்துங்கள். கௌல் இல்லாத வண்டியில் தாள் நழுவி விழும். சில நேரம் முன்னால்கூடத் தள்ளப்படும், ஏனென்றால் ஃபேன் பின்னால் தள்ளிய சூடான காற்று ஓரமாகச் சுற்றி முன்னுக்கே வருகிறது. வட்டமான ஃபேன் சதுரமான ரேடியேட்டரின் நடுவிலிருந்து மட்டும் காற்றை இழுக்கிறது. நான்கு மூலைகளும் சும்மா கிடக்கின்றன.

கௌல் பூட்டினால் அதே ஃபேன் முழு முகப்பிலிருந்தும் இழுக்கும். பெல்ட் ஃபேன் என்ஜினோடு சேர்ந்து ஆடுவதால் இறக்கை நுனிக்கும் கௌலுக்கும் இடையே 20, 25 மி.மீ. இடைவெளி விட வேண்டியிருக்கிறது. எலெக்ட்ரிக் ஃபேன் கௌலோடு சேர்ந்தே ரேடியேட்டரில் நிற்பதால் சில மி.மீ. போதும், கசிவும் அந்த அளவுக்குக் குறைகிறது. எலெக்ட்ரிக் ஃபேனின் உண்மையான சாதகங்களில் இது ஒன்று. அதனால் வெறும் மோட்டாரையும் இறக்கையையும் வாங்காமல், கௌலோடு சேர்ந்த முழு செட்டையும் ரேடியேட்டரின் அகலம் உயரத்துக்குப் பொருத்தமாகத் தேடி வாங்க வேண்டும். முகப்பு முழுவதையும் மூடிய கௌல் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றை மறிக்கும் என்பதால், காற்றழுத்தத்தில் தானாகத் திறக்கும் ரப்பர் மடல்களைச் சில கார்களில் வைத்திருக்கிறார்கள்.

பின்னாலிருந்து இழுக்கும் ஃபேன்தான் சிறந்தது. முன்னாலிருந்து தள்ளும் ஃபேன் இடமில்லாத வண்டிக்கு மட்டுமே. அது ஓடாதபோது எதிர்க்காற்றை மறித்து நிற்கும். ஒயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், ஆனால் இறக்கையின் வளைவு அதற்கேற்றதாக இருக்காது. எதிர்க்காற்றோடு மோதும் திசையில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்க, காரணம் தெரியாமல் ரேடியேட்டரை மாற்றியவர்கள் உண்டு. மேலே சொன்ன தாள் சோதனை இதையும் காட்டிக்கொடுக்கும்.

ரேடியேட்டரின் மடிப்புகளுக்கு நடுவே பிளாஸ்டிக் கம்பிகளைக் குத்தி ஃபேனைத் தொங்கவிடும் முறையைத் தவிருங்கள். மோட்டாரின் அதிர்வு நாளடைவில் குழாயைத் தேய்த்துத் துளையிடும். பாரத்தை ரேடியேட்டரின் சட்டமோ வண்டியின் குறுக்குச் சட்டமோ தாங்க வேண்டும். விளம்பரத்தில் போடும் காற்றளவையும் அப்படியே நம்ப வேண்டாம். தடையே இல்லாத திறந்தவெளியில் அளந்ததாகவே அது பெரும்பாலும் இருக்கும். கண்டன்சர், ரேடியேட்டர் இரண்டையும் தாண்டி இழுக்கும்போது கிடைப்பது அதைவிட வெகுவாகக் குறையும்.

ஒயரிங்

ஃபேன் மாற்றங்களில் தீப்பிடிக்கும் அபாயம் ஒயரிங்கில்தான் இருக்கிறது. 15 ஆம்பியரில் ஓடும் மோட்டார் புறப்படும் நொடியில் அதன் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். அதை டேஷ்போர்டில் உள்ள சாதாரண சுவிட்ச் வழியாகக் கொண்டுபோனால் சுவிட்ச் உருகும். முறையான வழி நான்கு முனை ரிலே. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30ஆம் முனைக்கு வரும் கனமான ஒயர், 87ஆம் முனையிலிருந்து மோட்டாருக்குப் போகிறது. 85, 86 முனைகளில் ஓடும் சிறு மின்சாரத்தைத்தான் வெப்ப சுவிட்ச் திறந்து மூடுகிறது. ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் இருக்க வேண்டும். அப்போதுதான் வழியில் ஒயர் உரசி ஷார்ட் ஆனாலும் அது காப்பாற்றும். ஒயர் மெலிந்தால் வோல்ட் வழியிலேயே வீணாகும்; ஃபேன் மந்தமாகச் சுற்றும். எர்த் ஒயரும் அதே கனத்தில் இருக்க வேண்டும்.

வெப்ப சுவிட்சை எங்கே பொருத்துவது என்பதும் முக்கியம். ரேடியேட்டருக்குள் நுழையும் கூலன்டில் வைத்தால் 95 முதல் 100 டிகிரிக்குள் ஃபேன் ஓடும்படியும், வெளியேறும் பக்கத்தில் வைத்தால் அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே ஓடும்படியும் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்படியானாலும் தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பத்தைவிட என்ஜின் வெப்பம் சற்று ஏறிய பிறகே ஃபேன் ஓட வேண்டும். இல்லாவிட்டால் அது நிற்கவே நிற்காது.

டைரக்ட்

இப்போது பட்டறையின் பிரபல வைத்தியத்துக்கு வருவோம். ஃபேன் ஓயாமல் ஓடினால் என்ஜின் ஒரேயடியாகக் குளிர்ந்துவிடும் என்ற பயம் தெர்மோஸ்டாட் நன்றாக இருக்கும் வண்டியில் தேவையில்லை. அது மூடிக்கொண்டு வெப்பத்தைக் காக்கும். டைரக்டின் தீங்கு வேறு. மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷும் பேரிங்கும் பல மடங்கு வேகமாகத் தேய்கின்றன. சுவிட்ச் போட மறந்தால் என்ஜின் வெந்துபோகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ரிலேயோ சென்சாரோ கெட்டதைத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. அது அப்படியே இருக்க, அடுத்து மோட்டாரும் நிற்கும் நாளில் எச்சரிக்க எதுவும் மிஞ்சாது.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு பழக்கம் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. டைரக்ட் ஃபேனும் வால்வில்லாத என்ஜினும் சேர்ந்தால்தான் அந்தக் குளிர்ச்சிப் பயம் உண்மையாகிறது. கம்ப்யூட்டர் வைத்த என்ஜின், தான் இன்னும் குளிர்ந்திருப்பதாக நினைத்து எரிபொருளைக் கூட்டிக் கொடுக்கும். மைலேஜ் சரியும், ஆயிலில் ஈரம் தங்கிச் சேறாகும். சில என்ஜின்களில் விளைவு தலைகீழாகவும் போகும். அவற்றின் தெர்மோஸ்டாட் சூடானதும் பைபாஸ் வழியை அடைக்கும் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. அதைக் கழற்றினால் கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவந்து, என்ஜின் இன்னும் அதிகமாகச் சூடாகும்.

புதிய கார்களில் கூலன்ட் சென்சார் பிளக்கைப் பிடுங்கி ஃபேனை ஓடவைக்கும் தந்திரமும் இருக்கிறது. சென்சார் போய்விட்டது என்று உணரும் கம்ப்யூட்டர், பல கார்களில், பாதுகாப்புக்காக ஃபேனை நிறுத்தாமல் ஓட்டும். ஃபேன் மோட்டார் நன்றாக இருக்கிறதா என்று சோதிக்க அது நல்ல வழி. அப்படியே ஓட்டிக்கொண்டு போக அது வழியல்ல.

ஏசி, கம்ப்யூட்டர், இரு வேகம்

ஏசி உள்ள காரில் ஃபேனுக்கு இரண்டு எஜமானர்கள். என்ஜின் குளிர்ந்திருந்தாலும் கண்டன்சருக்குக் காற்று வேண்டும். பழைய காருக்கு ஏசி சேர்க்கும்போது கம்ப்ரசர் கிளட்ச் ஒயரிலிருந்து ஃபேன் ரிலேக்கும் ஒரு கட்டளை கொடுப்பது அவசியம். மறந்தால் சிக்னலில் ஏசி காற்று சூடாகும். கேஸ் குறைந்துவிட்டதாக நினைத்து வீணாகக் கேஸ் ஏற்றுவார்கள்.

பல கார்களில் ஃபேனுக்கு இரண்டு வேகம் உண்டு. குறைந்த வேகத்துக்கு ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அது எரிந்துபோனால் ஃபேன் முதல் கட்டத்தில் ஓடாது. வெப்பம் நன்றாக ஏறிய பிறகு முழு வேகத்தில் ஒரேயடியாகச் சீறும். இந்த அறிகுறியைப் பார்த்து ஒரு சிறிய ரெசிஸ்டரை மாற்ற வேண்டிய இடத்தில், மொத்த செட்டையும் மாற்றியோ டைரக்ட் கொடுத்தோ முடிப்பது வீண். ஃபேன் வேகத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் இன்றைய கார்களில் ஒயரை வெட்டி ஒட்டினால் பழுதுவிளக்கு எரியும், உத்தரவாதமும் கேள்விக்குள்ளாகும். அந்த வண்டிகளில் ஃபேனை மாற்றி அமைக்க நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கம்பெனி அமைத்ததை அப்படியே மீட்பதுதான் சரியான பழுதுபார்ப்பு.

செய்ய வேண்டிய வரிசை

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால் ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் எப்போது சூடாகிறது என்று கண்டறிதல். அடுத்து மூடி, கூலன்ட், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் அடைப்பு ஆகியவற்றைச் சரிபார்த்தல். பிறகு கௌல். அதன்பின் ரிலே, வெப்ப சுவிட்ச், ஒயரின் கனம். இத்தனையும் சரியாக இருந்தும் சிக்னலிலோ மலையிலோ முள் ஏறினால் மட்டுமே பெரிய ஃபேன், அதற்கு முன் அதைத் தாங்கும் ஆல்டர்னேட்டர். மாற்றம் செய்த வண்டியில் எண்ணாக வெப்பத்தைக் காட்டும் மீட்டரோ எச்சரிக்கை மணியோ கட்டாயம் வேண்டும். பல புதிய கார்களில் முள்கூடக் கிடையாது. சிவப்பு விளக்கு எரியும்போது அலுமினிய ஹெட் வளைந்திருக்கலாம்.

டைரக்ட் கொடுப்பதற்கும் ஓர் இடம் உண்டு. நடுவழியில் ரிலே போய்விட்ட வண்டியை வீடுவரை கொண்டுவந்து சேர்க்கும் முதலுதவி அது. மறுநாள் காலையில் பட்டறைக்குப் போய், "டைரக்டை எடுத்துட்டு, என்ன கெட்டுப்போச்சுன்னு பாருங்கண்ணே" என்று சொல்லும் பொறுப்பு வண்டிக்காரருடையது. எந்த ஒயர் எங்கே போகிறது, எந்த வண்டியின் ஃபேன், ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று ஒரு தாளில் எழுதி ஆர்சி புத்தக நகலோடு வண்டியில் வைத்துவிட வேண்டியது மாற்றம் செய்த மெக்கானிக்கின் பொறுப்பு. இந்த இரண்டு பொறுப்புகளும் பழக்கமானால், கோடைதோறும் நம் சாலையோரங்களில் பானெட்டைத் திறந்துவைத்து நிற்கும் கார்களின் வரிசை கண்டிப்பாகக் குறையும்.